பதினொன்றாம் பை

மூலனூர் தாண்டி மூன்றாவது கல்லில்
ஒரு கிளுவை வேலி.
அதன் இருபக்கமும் ஒரே செஞ்சரளை, ஒரே சரிவு,
ஒரே மேகம் ஏமாற்றிய புரட்டாசி.
பத்து வருசத்துக்கு முன்னால் ஒரே பட்டா.

மேற்கே தெய்வசிகாமணியின் பங்கு.
வருசம் முழுக்கத் திறந்தே கிடக்கும் கடவு.
ஏக்கருக்கு எத்தனை ஆடு என்று
யாரும் எண்ணவில்லை.
ஆடுகள்தான் புல்லை எண்ணின,
கடைசி ஒன்று வரைக்கும்.
இப்போது ஆவாரையும் பொட்டலும்.
மழை பெய்தால்
மண்ணே எழுந்து ஓடைக்கு நடக்கிறது.

கிழக்கே அவர் தங்கச்சி பங்கு.
அவர் இருப்பது திருப்பூரில், கொறங்காடு குத்தகையில்.
எடுத்தவள் மயிலாத்தாள்:
இருபத்தெட்டு ஆடு, ஒரு மயிலைப் பசு, அதன் கன்று.
முதல் மழைக்குப் படலைக் கட்டினால்
கொழுக்கட்டைப் புல் கதிர் தள்ளி
விதை உதிர்ந்து
காற்று அதைக் கூட்டிப் பெருக்கிய பிறகுதான் அவிழ்ப்பாளாம்.
நாலு துண்டாகத் தடுத்த காட்டில்
துண்டுக்குப் பன்னிரண்டு நாள்.
"அதுக்கு மேல போனா
ஆடு தூர்ல வாய வெச்சுருமுங்க.
தூரு போச்சுன்னா அப்பறம் வெறுங்கல்லுதான்."

துளைப்பானை இறக்கினேன்.
மேற்கே அரைச்சாணில் நங்கென்று நின்றது.
கிழக்கே முழங்கை ஆழம் போய்
வேரோடு வந்தது:
வெள்ளை வேர், பழுப்பு வேர், செத்த வேர்,
செத்ததைத் தின்றுகொண்டிருந்த
பெயர் தெரியாத ஒன்று.

செத்த வேர்தான் கணக்கு.
மேலே ஆடு கடிக்கும்போது
கீழே புல் கொஞ்சம் வேரைக் கைவிடுகிறது.
விட்டுவைத்தால் மறுபடி வளர்த்து
மறுபடி கைவிடுகிறது.
கைவிட்டதெல்லாம் இருட்டில்
மண்ணோடு ஒட்டிக் கறுத்துப்போகிறது.
படிவத்தில் அதற்குக் கரிமம் என்று பெயர்.

ஆய்வுக்கூடத்தில்
இரண்டு மில்லிமீட்டர் சல்லடை
வேரையெல்லாம் வெளியே தள்ளியது. விதி அப்படி.
ஒரு கிராம் மண். டைக்ரோமேட். கந்தக அமிலம்.
குடுவை கையைச் சுட்டது.
நான்காம் பை ஆரஞ்சிலிருந்து
பெரிதாக நகரவில்லை.
பதினொன்றாம் பை பச்சைக்குப் போய்
இன்னும் பச்சைக்குப் போனது.
பியூரெட் தலைகீழாகப் பேசும்:
குறைவாகச் சொட்டினால் கரிமம் கூடுதல்.

நான்கு: பூஜ்யம் புள்ளி இரண்டு எட்டு.
பதினொன்று: பூஜ்யம் புள்ளி ஆறு ஒன்று.

கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்.
ஏழு வருசம் படல் கட்டி அவிழ்த்த கை
அந்தப் புள்ளிக்கு வலப்பக்கம் இருக்கிறது.

எரித்துத்தான் அளக்கிறோம் என்று
அவளிடம் நான் சொல்லவில்லை.
அந்த ஒரு கிராமில் இருந்தது
ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

முடிவைக் கொண்டுபோன அன்று
கம்பெனிக்காரர் வந்திருந்தார். தன்மையான ஆள்.
மண்ணுக்குள் கட்டிவைத்த கரிமத்துக்குக் காசு,
இருபது வருச ஒப்பந்தம்,
பட்டாக்காரர் கையெழுத்து.

மயிலாத்தாள் கேட்டாள்:
"எனக்குக் குத்தகை ஆடி வரைக்குந்தானுங்க.
அப்பறம் ஏலத்துல எடுக்கறவிங்க
நூறு ஆட்ட உட்டாங்கன்னா
இந்தக் கரி எங்கீங்க போகும்?"

மேலே, என்றேன்.

"எத்தன நாள்ல?"

சேர்ந்ததைவிட வேகமாக.

கம்பெனிக்காரர்
அலைபேசியில் யாரையோ அழைத்தபடி
வெள்வேல மரத்து நிழலுக்குப் போனார்.
அங்கே சிக்னல் கிடைக்காது.

அவள் வேறெதுவும் கேட்கவில்லை.
போன மாதம் நான் போட்ட துளைகளைக் காட்டினாள்.
"மூடிட்டுப் போங்க.
குட்டி கால உட்டுரும்."

பதினொன்றாம் பையில் மிச்சம் இருந்ததை
அதே துளையில் கொட்டினேன்.
பத்தவில்லை.
சல்லடை தள்ளிய வேரையும்
எடுத்து வந்திருக்க வேண்டும்.